இடது முன்சக்கரம்

“முன்சக்கரம் ரெண்டும் சும்மா ஒப்புக்கு உக்காந்திருக்குண்ணே, கல்யாண வீட்டுல வேலை செய்யாத மாமன் மாதிரி” என்று சவரி சொன்னதும், அதற்கு நாச்சிமுத்து மூக்கால் சிரித்ததும், தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் ரேஷன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தமயந்திக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் காதில் விழும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அவள் அங்கே இருப்பதே அவர்களுக்கு அதற்குள் மறுபடி மறந்துபோயிருக்கும். தாண்டிக்குடி ரோட்டில் அவள் ஏறும்போது நாச்சிமுத்து “தங்கச்சியா?” என்று கேட்டார், ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் “ஆமா” என்றான், அதோடு ஏழு மூட்டையோடு அவள் எட்டாவது மூட்டை ஆகிப்போனாள். மாமன் மாதிரியாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி வாங்க வந்திருக்கிற நாச்சிமுத்துவை, அவர் கூட்டி வந்த மெக்கானிக் சவரி வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குளிர வைக்கிறான். இந்த ஜீப்பைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? பின்னால் சரக்குத் தட்டு வைத்த இந்தப் பழைய ஜீப் அவள் பிறந்த வருஷம் வீட்டுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆனைச்சறுக்கு மேட்டில் ஏறி இறங்குகிறது. காப்பிக்கொட்டை ஏற்றி, ஆரஞ்சு ஏற்றி, பிரசவ வலி எடுத்தவர்களை ஏற்றி, போன வருஷம் அப்பாவையே படுக்க வைத்து இறக்கி, திரும்ப ஏற்றி வந்தது. இன்றைக்கு ஏழு மூட்டை அரிசிக்கும் ஐந்து பேருக்கும் பாதி மேட்டில் நின்றுவிட்டதாம், உடனே ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறதாம். அவளுக்குக் காது மடல் சுட்டது. தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? வார்த்தைகள் எல்லாம் இருந்தன, வரிசையாக, கோர்வையாக. வாய்தான் திறக்கவில்லை. அது எப்போதுமே அப்படித்தான்.

திரும்ப ஒரு தடவை என்ஜின் உறுமியது. பின்சக்கரங்கள் இரண்டும் செம்மண் சேற்றைத் தோண்டிப் பின்னால் வீசின, தட்டு அதிர்ந்தது, மூட்டைகள் அவள் மேல் சாய்ந்தன, வண்டி ஓரடி ஏறுவதுபோல் ஏறி இரண்டடி வழுக்கி வந்து நின்றது. இது இரண்டாவது தடவை. முன்னால் பெரியப்பா, “மெதுவாடா அழகு, மெதுவா. குட்டிக் கியர் போட்டிருக்கியா?” என்று கத்தினார். “போட்டிருக்கேன் பெரியப்பா.” அண்ணன் அழகுராஜா பொய் சொல்லவில்லை. தார்ப்பாய் இடுக்கில் பார்த்தால் அந்தக் குட்டிக் கம்பி நாலு சக்கரத்துக்கும் பலம் போகிற இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. ஆனால் கம்பியைப் போட்டால் மட்டும் போதாது. அது புது வண்டிக்காரர்களுக்கு. இந்த வண்டியில் முன்சக்கரங்களின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது, அதில் ஒரு திருகு, அதைச் சுற்றி லாக், ஃப்ரீ என்று இரண்டு ஆங்கில வார்த்தைகள். ஓட்டுகிறவன் கீழே இறங்கி, குந்தி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையால் திருப்பி லாக்கில் வைக்க வேண்டும். வைத்தால்தான் முன்சக்கரம் என்ஜினோடு சேரும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் தீர்ந்தது, முன்னால் போகிற பலமெல்லாம் விட்ட பக்கத்துக்குள்ளேயே சும்மா சுற்றி வீணாகும், இரண்டு சக்கரமும் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பா வெயில் காலத்தில் ஃப்ரீயில் வைப்பார். ஐப்பசி முதல் மழைக்கு லாக்கில் திருப்பினால் பொங்கல் வரைக்கும் அப்படியே விட்டுவிடுவார், தினமும் சேற்றில் இறங்கி யார் திருகிக்கொண்டிருப்பது என்று. இந்த வருஷம் அப்பா இல்லை. முதல் மழை பெய்த மறுநாள் காலை யாரும் சொல்லாமல் அவளே போய்த் திருப்பினாள்.

அதையேதான் முதல் தடவை வழுக்கியபோது சவரி கேட்டான். “தம்பி, லாக்கு பாத்தீங்களா?” அழகுராஜா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், “அது ஐப்பசியிலேர்ந்து லாக்குலதான் கெடக்கு. பாப்பாதான் போட்டா” என்றான். நாலு பேரும் தார்ப்பாய் இடுக்கு வழியாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பாப்பாதான் போட்டாள். என்ன லாவகமாகத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான்! வண்டி ஏறினால் அவன் ஓட்டினான், ஏறாவிட்டால் பாப்பா போட்ட லாக்கு. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சவரி வலது பக்கம் குனிந்து பார்த்து, “இந்தப் பக்கம் லாக்குலதான் இருக்கு” என்றான். இடது பக்கம் அவன் போகவில்லை. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து மண்திட்டை ஒட்டி நிற்கிறது, நடுவில் ஓர் ஆள் புகுகிற சந்து, அதிலும் லாண்டானா முள், கீழே ஓடைத் தண்ணீர். அவன் பேண்ட்டைப் பார்த்தான், சந்தைப் பார்த்தான், “பொண்ணுதான் சொல்லுதுல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பொண்ணு எங்கே சொன்னது? பொண்ணு தலையை ஆட்டியது. ஆட்டிய தலையை அவளே இப்போது நம்பவில்லை. வலது பக்கம் தண்ணீர்போலத் திரும்பியது, அது நினைவிருக்கிறது. இடது பக்கம்? இடது பக்கத்தில் பெயிண்ட். ஆயுத பூஜைக்கு அண்ணன் நாலு சக்கரத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தபோது திருகின் மேலும் சேர்த்து இழுத்துவிட்டான், அழகாக இருக்கட்டும் என்று. அது காய்ந்து இறுகி, எழுத்து மறைந்து, திருகு அசையவே இல்லை. காம்பஸ் முள்ளால் ஓரமெல்லாம் கீறினாள், துணி சுற்றித் திருகினாள், கட்டை விரல் தோல் உரிந்தது. கடைசியில் ஒரு ‘டக்’ கேட்டது. கேட்டதா? கேட்டது. அது திருகு முழுவதும் போய் உட்கார்ந்த சத்தமா, இல்லை பாதியில் பெயிண்ட் உடைந்த சத்தமா? அவள் அன்றைக்கே ஒரு முறை ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் யாரிடம் சொல்வது, அண்ணனோடுதான் பேச்சே நின்றுபோயிற்றே. ஆனால் நேற்று முன்தினம் மழையில் இதே மேட்டில் உர மூட்டையோடு வண்டி ஏறியதே. ஏறியதா? ஏறியது, வீட்டு வாசலுக்கு வந்தது, அவளே பார்த்தாள். அப்படியானால் ‘டக்’ சரியான ‘டக்’தான். அப்படியானால் இன்றைக்கு ஏன்? காலேஜ் பிராக்டிகல் பரீட்சையில் கேள்வி கேட்க வெளியிலிருந்து வந்த ஆள், ‘தெரியுமா தெரியாதாம்மா, ஏதாவது ஒண்ணு சொல்லு’ என்று பேனாவால் மேஜையைத் தட்டினாரே, அப்போதும் இப்படித்தான். தெரியும். விடை தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள்ளே ‘ஒருவேளை தப்போ’ என்று ஒன்று கிளம்பும். அதோடு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கோபம் சவரி மேல்தானா என்று பார்த்தால் அவன் மேல் கொஞ்சம்தான். பெரியப்பா மேல் அதைவிட அதிகம். அப்பா போய் வருஷம் முடிந்த மறுவாரமே வத்தலக்குண்டிலிருந்து வந்து, கால் கழுவாமல் உள்ளே உட்கார்ந்து, “வண்டியக் குடுத்துட்டு புள்ளையக் கட்டிக் குடுத்துருவம், தையில. திருப்பூர்ல பையன் இருக்கான், பனியன் கம்பெனில சூப்பர்வைசரு” என்று ஒரே மூச்சில் முடித்தவர். வண்டியும் புள்ளையும் ஒரே வாக்கியத்தில். வண்டி போனால் அவளும் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு வண்டி இந்த மேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அம்மா கோழி அடித்து வைத்திருக்கிறாள், சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து. தாண்டாவிட்டால் நாச்சிமுத்து வேறு வண்டி பார்த்துக்கொள்வார், வேறு ஆளைப் பெரியப்பா பிடிக்கிற வரைக்கும் தை வராது. அந்தப் பையனுடைய அம்மா பெண் பார்க்க வந்தவள், அவள் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நகத்துல என்னம்மா கறுப்பு?” என்றாள். கிரீஸ் என்று சொல்லியிருக்கலாம். கையை இழுத்துக்கொண்டாள். அப்பா மேலும் கோபம் வந்தது, செத்தவர் மேல் வரக்கூடாது என்றாலும் வந்தது. மண்ணில் குந்தி உட்காருகிற வேலை எல்லாம் அவளுக்கு. கழுவு, துடை, காற்றுப் பார், லாக்கைத் திருப்பு. ஸ்டியரிங் மட்டும் அழகுராஜாவுக்கு, பதினாறு வயதிலேயே. “நானும் ஓட்டிப் பாக்கவாப்பா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். “நீ ஓட்டி எங்க போகப் போற?” என்றார், பிரியமாகத்தான். அந்தப் பிரியத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் எல்லாரையும்விட அண்ணன் மேல்தான். “என்னடா அழகு, நான் சொல்றது சரிதான?” என்று பெரியப்பா கேட்டபோது அவன் என்ன சொன்னான்? அம்மா அடுப்படியிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், இவள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பாய்க்கோரையைக் கிள்ளிக்கொண்டே, “உங்க இஷ்டம் பெரியப்பா” என்றான். உங்க இஷ்டம். இரண்டு வார்த்தை. பாய்க்கோரையைக் கிள்ளுகிற நேரத்தில் ஒரு வண்டியையும் ஒரு தங்கச்சியையும் கொடுத்துவிட்டான். அதிலிருந்து பதினேழு நாளாக அவள் அவனுக்குத் தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? அது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும்.

“எல்லாரும் எறங்குங்க, பாரம் கொறையட்டும்” என்று பெரியப்பா சொன்னார். தமயந்தி தட்டிலிருந்து இறங்கியதும் செருப்பு சேற்றில் புதைந்தது, அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். தூறல் வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மணி மூன்றுதான் இருக்கும், ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மஞ்சு இறங்கி வெளிச்சம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. மூன்றாவது தடவை. இப்போது அவள் பக்கத்தில் நின்று சக்கரத்தையே பார்த்தாள். பின்சக்கரம் வெறி பிடித்ததுபோல் சுழன்றது. முன்சக்கரம் அசையவில்லை. ஒரு மயிரிழைகூட. வெள்ளிப் பெயிண்ட்டில் சேறு வழிய அது சும்மா நின்றது, அவளைப் போலவே, எல்லாம் தெரிந்தும் ஊமையாக. அண்ணன் எவ்வளவு மெனக்கெடுகிறான்! முன்னால் குனிந்து, உதட்டைக் கடித்து, ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கிறான், அவ்வளவு மிதித்தால் இன்னும் தோண்டும் என்று பத்து வருஷமாக ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? விற்பதற்கு அவ்வளவு அவசரம். வண்டி நின்றது. சவரி பீடியைப் பற்ற வைத்தான். “அண்ணே, நான் சொன்னா கேளுங்க. லாக்குல இருந்தும் முன்சக்கரம் ஏறலன்னா உள்ள பல்லு போச்சுன்னு அர்த்தம். பல்லுப் போன கெழவிக்கு முறுக்கு வாங்கிக் குடுத்து என்ன பண்றது?” நாச்சிமுத்து இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே பெரியப்பாவிடம், “என்னங்க, நல்ல வண்டின்னு சொன்னீங்க. இதக் காயலான் கடைக்கித்தான் ஓட்டிட்டுப் போகணுமாட்ட இருக்குது” என்றார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “என் தம்பி இருந்தவரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. இவனுக்கு வச்சுக்கத் தெரியல. பொட்டப்புள்ள கைய வச்சா இப்படித்தான். ஏ புள்ள, என்னத்தத் திருகித் தொலச்ச?” அவர் ஒன்றும் பதில் எதிர்பார்க்கவில்லை, சும்மா ஓர் ஆள் வேண்டியிருந்தது கோபத்தை இறக்கி வைக்க.

பல்லு போகவில்லை. பல்லெல்லாம் இருக்கிறது. இதோ இப்போதே அந்தச் சந்தில் புகுந்து திருகை ஒரு திருப்புத் திருப்பினால் வண்டி ஆடுபோல ஏறும், சவரியின் பீடி வாயிலிருந்து விழும், காயலான் கடை என்ற நாச்சிமுத்துவின் வாய் திறந்தபடி நிற்கும், பொட்டப்புள்ள கை என்ன செய்யும் என்று பெரியப்பா பார்ப்பார். அந்தக் காட்சி அவள் கண்முன் அவ்வளவு துலக்கமாக வந்தது. ஆனால் ஏறினால் கோழிக்குழம்பு, கையெழுத்து, தை. ஏறாவிட்டால் பல்லுப் போன கிழவி. சவரி ஊரெல்லாம் சொல்லுவான், தாண்டிக்குடி டீக்கடையில் உட்கார்ந்து இந்த வண்டியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டுமே. சிரிக்கட்டும் என்று எப்படி விடுவது? அவள் கழுவிய வண்டி, அவள் திருகிய லாக்கு. தை மாதம் என்பது இன்னும் வராத ஒன்று, யோசித்துக்கொள்ளலாம், அழலாம், சோறு தின்னாமல் கிடக்கலாம். இந்தச் சிரிப்பு இப்போதே, முகத்துக்கு நேரே இருக்கிறது. கால்கள் தாமாகவே போயின. வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு, பானெட்டைப் பிடித்தபடி, அவள் அந்தச் சந்தில் நுழைந்தாள். முள் துப்பட்டாவைப் பிடித்தது, பிடுங்கினாள், கிழிந்தது, கிழியட்டும். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே சில்லென்று ஏறியது. செருப்பை மண்திட்டின் மேல் எறிந்துவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் குந்தினாள். சேற்றை வழித்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். தெரிந்தது.

ஃப்ரீ. பாதியில் நிற்கவில்லை, நழுவி வந்ததும் இல்லை. முழுக்கத் திருப்பி, அழுத்தி உட்கார வைத்த ஃப்ரீ. அவள் காம்பஸ் முள்ளால் கீறிய கோடுகள் ஓரத்தில் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தன. அவற்றின் மேல் புதிதாக இரண்டு காயம், திருகின் இரு பக்கமும், கட்டிங் பிளேயர் கடித்த காயம். வெள்ளிப் பெயிண்ட் பெயர்ந்து உள்ளே இரும்பு பளபளவென்று இருந்தது. இந்த மழையில் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது, மறுநாளே சிவந்துவிடும். இது இன்றைக்குக் கடித்தது. இன்றைக்குக் காலையில் வண்டியை எடுத்தவன் ஒருத்தன்தான், அண்ணன். அவள் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தை மட்டும். வலது பக்கம் ஓட்டுகிற பக்கம், யாரும் முதலில் குனிந்து பார்க்கிற பக்கம். மண்திட்டு ஓரமாக, சந்தில் ஆள் நுழைய யோசிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறான், மூன்று தடவையும். அந்த ஆக்ஸிலேட்டர். அந்த உதட்டுக் கடி. பாப்பாதான் போட்டா. உங்க இஷ்டம். பதினேழு நாள் தட்டு, பதினேழு நாள் தண்ணீர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி, ஒரே ஒரு வார்த்தை, இவளிடமாவது! இவள் கேட்டாளா? கோபம் போகவில்லை. அது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் உடம்பெல்லாம் சுற்றியது, இந்தச் சக்கரத்துக்குள் சுற்றித் தீர்கிற பலம் மாதிரி. விரல்கள் திருகின் மேல்தான் இருந்தன. குளிர்ந்து ஈரமாக இருந்தது, பெயிண்ட் போய்விட்டதால் இப்போது லேசாகவே திரும்பும். ஒரே ஒரு திருப்பு. அவள் நிமிர்ந்தாள். சேறு தெறித்த கண்ணாடிக்குப் பின்னால் அழகுராஜா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் அவன் முகம் இப்படித்தான் இருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“என்னம்மா பொண்ணு, அந்தப் பக்கம் எப்படி இருக்கு?” என்று பானெட்டுக்கு மறுபக்கத்திலிருந்து சவரி கேட்டான்.

“லாக்குலதான் இருக்கு.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, மேட்டில் எதிரொலிக்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கும் நானே ஒருக்கா பாத்துர்றேன், இரு” என்று சவரி பீடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டத் தொடங்கினான். தமயந்தி குனிந்து, காலடியிலிருந்து இரண்டு கையாலும் செம்மண் சேற்றை வாரி, சக்கரத்தின் நடுவில் அப்பி, வட்டமும் திருகும் எழுத்தும் தெரியாதபடி உள்ளங்கையால் அழுத்தி மெழுகினாள்.